கறுத்த முன்பல்லுக்கு ஒரு புதுப் பூச்சு

மேல்வரிசையின் நடுவில் உள்ள இரண்டு பற்களில் ஒன்று மட்டும் கறுத்துப்போனால் சிரிப்பே சுருங்கிவிடும். போட்டோ எடுக்கும்போது உதடு மூடிக்கொள்ளும். பேசும்போது கை தானாக வாயருகே போகும். இப்படித் தவிக்கும் பலருக்கு, பல்லை அதிகம் ராவாமல், பெரும்பாலும் ஒரே நாளில் கைகொடுக்கும் சிகிச்சைதான் ‘பாண்டிங்’. பல்லின் நிறத்திலேயே கிடைக்கும் காம்போசிட் பிசினை அதன்மேல் ஒட்டி, வடிவம் கொடுத்து, மெருகேற்றிவிடுகிறார்கள்.

ஈரமான வாயில், வழவழப்பான எனாமலில் எதையும் நிலையாக ஒட்டவைப்பது நெடுங்காலம் பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் பணியாற்றிய மைக்கேல் புவனகோர் 1955-இல் அதற்கு வழி கண்டார். பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காக உலோகத்தின்மீது பாஸ்பாரிக் அமிலம் தடவுவது தொழிற்சாலை வழக்கம். அதையே அவர் பல்லில் செய்து பார்த்தார். எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். அமிலம் பட்டதும் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்பள்ளங்கள் விழுகின்றன. பிசின் அவற்றுக்குள் இறங்கி இறுகிக்கொள்கிறது. பழைய சுவரைக் கொத்திவிட்டுப் பூசினால்தான் சாந்து பிடிக்கும் என்று கொத்தனார் சொல்வாரே, அதே கணக்கு.

ஒட்டும் வழி கிடைத்தது. ஒட்டுவதற்கு நல்ல பொருள் வேண்டுமே? 1962-இல் ரஃபேல் போவன் ‘பிஸ்-ஜிஎம்ஏ’ என்ற பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகைய பிசினில் நுண்ணிய கண்ணாடி, சிலிக்கா துகள்களைக் கலந்ததே காம்போசிட்.

சிகிச்சை நிறத் தேர்வில் தொடங்குகிறது. உலர்ந்த பல் வெளுத்துத் தெரியும் என்பதால், ஈரம் காயும் முன்பே பக்கத்துப் பல்லோடு நிற அட்டையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிறகு சுமார் 37 சதவீத அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி பல்லில் வைத்துக் கழுவி, ஒட்டுத் திரவத்தைத் தடவுவார்கள். அதன்மேல் காம்போசிட்டை மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கின்மீதும் நீல ஒளியைப் பாய்ச்ச, அது சில விநாடிகளில் கெட்டியாகிவிடும். பல் மிகவும் கறுத்திருந்தால் முதலில் ஒளி ஊடுருவாத ஓர் அடுக்கு தேவை. இல்லாவிட்டால் உள்ளிருக்கும் கறுப்பு வெளியே எட்டிப்பார்க்கும்.

பல் ஏன் நிறம் மாறியது என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும். சிறு வயதில் கீழே விழுந்து அடிபட்ட பல், உள்ளே கசிந்த இரத்தத்தால் பல ஆண்டுகள் கழித்தும் கறுக்கலாம். பற்கூழ் செத்திருந்தால் முதலில் வேர் சிகிச்சை செய்து, பல்லை உட்புறமிருந்தே வெளுக்கவைக்கலாம். வெளுத்த கையோடு பாண்டிங் செய்தால் ஒட்டு வலுவிழக்கும். ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பலருக்குக் காணப்படும் பழுப்புக் கறைக்கு வேறு காரணம்: பல் உருவாகும் வயதில், ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்தது. அங்கே கறை மேலோட்டமாக இருந்தால், எனாமலை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுப்பதே போதுமானதாக இருக்கலாம்.

பாண்டிங் காலத்துக்கும் நிற்பதில்லை. சில ஆண்டுகளில் ஓரம் பெயரலாம். டீ, காபி, மஞ்சள், வெற்றிலைக் கறை ஏறலாம். நகம் கடிப்பவர்களுக்கும் தூக்கத்தில் பல் நறநறப்பவர்களுக்கும் சீக்கிரமே உடையும். ஆனால் செராமிக் வெனீரைவிடச் செலவு குறைவு. உடைந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளவும் முடியும்.

கறுத்த பல்லைக் காட்டப் போகிறவர்கள், பூசி மறைப்பதற்கு முன் எக்ஸ்-ரே எடுத்து, அந்தப் பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.