எழுதாத ஒப்பந்தம்



வீட்டில் ஒரு சின்ன வேலை தொடங்கும்போது ‘நம்ம பாஸ்தானே’ என்கிறோம். வேலை முடிகிறபோதோ, மேசன் பாஸும் நாமும் முகம் பார்த்துப் பேச முடியாத நிலைக்கு வந்துவிடுகிறோம். ஏன் இந்த மனக்கசப்பு?

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் குசினியைப் பெரிதாக்க ஒரு பாஸிடம் மொத்தக் கூலி பேசினோம். எல்லாம் வாய்ப்பேச்சுதான். பாதிக்கு மேல் முற்பணமும் கொடுத்துவிட்டேன். வேலை நடக்கும்போது, பாத்திரம் கழுவ ஒரு கொங்கிறீட் தட்டும் போடும்படி மனைவி சொன்னார். “செய்து தாறேன் அக்கா” என்றார் பாஸ். கடைசியில் அதற்குத் தனிக் கூலி கேட்டார், நான் மறுத்தேன். புதுப் பூச்சிலும் வெடிப்பு விழுந்திருந்தது. அவர் வேலையை விட்டுப் போனார். நான் மிச்சக் காசைக் கொடுக்காமல் இருந்தேன்.

அந்த வாரம் மாணவர்களுக்கு சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தைப் பாடம் நடத்தினேன். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அது. தவணைக் கொடுக்கல் வாங்கலை, சிறியதோ பெரியதோ, சாட்சி வைத்து எழுதிக்கொள்ளுமாறு அல்லாஹ் அதில் கட்டளையிடுகிறான். வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கேட்டார்: “நம்ம குசினிக்கு அந்த ஆயத்து இல்லையா?”

நான் வாயடைத்துப் போனேன். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் உண்டு. அதை எத்தனை தடவை ஓதிக் கொடுத்திருக்கிறேன்!

பள்ளிவாசல் பெரியவர் ஒருவரையும், பாஸ் மதிக்கும் கோயில் பெரியவர் ஒருவரையும் அழைத்தோம். இருவரும் வேலையை அளந்து பார்த்தார்கள். தட்டு பேச்சில் இல்லாத மேலதிக வேலை. அதன் கூலி நான் கொடுக்க வேண்டியதே என்றார்கள். பூச்சு காய்ந்து வெடித்ததற்குக் காரணம், அதற்கு ஒருவரும் தண்ணீர் தெளிக்காதது. யார் தெளிப்பது என்று நாங்கள் பேசியே இருக்கவில்லை. சீமெந்து எனது, கூலி அவரது என்று முடிவாகி, பாஸ் திருத்திக் கொடுத்தார்.

ஆகவே சகோதரிகளே, கணவர் வெளிநாட்டில் இருக்க நீங்களே நின்று வேலை செய்விப்பதானாலும், ஒரு கொப்பித் தாளில் இவற்றை எழுதுங்கள்: என்ன வேலை, நீள அகலம், சாமான் யாருடையது, கலவை அளவு, கொங்கிறீட்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றுவது யார், முடியும் நாள், கூலி. இரு தரப்பும் ஒப்பமிட்டு, சாட்சிகளும் ஒப்பமிடட்டும். இடையில் வேலை கூடினால் அன்றே விலை பேசி அதே தாளில் எழுதுங்கள். கொடுக்கும் காசுக்கும் திகதியிட்டு ஒப்பம் வாங்குங்கள்.

காசைக் கட்டங்கட்டமாகக் கொடுங்கள். இது நமக்குப் புதிதல்ல. 2004 சுனாமியில் முற்றாக அழிந்த வீட்டுக்கு வழங்கப்பட்ட 250,000 ரூபாவும், பின்னர் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 550,000 ரூபாவும் வேலை ஏற ஏறத்தான் தவணையாகக் கிடைத்தன. அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால், முடிந்த கட்டத்தின் கூலியை ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

பிணக்கு வந்தால் சத்தம் போடாமல் முதலில் தாளை எடுங்கள். பிறகு இரு தரப்பும் ஏற்கும் பெரியவர்களிடம் போங்கள். அதிலும் தீராவிட்டால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இரு தரப்பையும் இருத்திப் பேசி இணக்கம் காண்பார்கள்.

எழுதுவது அவநம்பிக்கை அல்ல. மனிதனின் மறதிக்கு அல்லாஹ் காட்டிய மருந்து. எங்கள் குசினிச் சுவரில் திருத்திய தழும்பு இன்னும் தெரிகிறது. அந்தப் பாஸோ இன்றும் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுத்தான் போவார். அல்ஹம்துலில்லாஹ்.