பிறர் இட்ட பெயரும் தம் வாய்மொழியும்: ஆவடி நரிக்குறவர் எதிர்கொள்ளும் பாகுபாடு

இனப் பாகுபாடு என்றவுடன் நம் ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவையோ தென்னாப்பிரிக்காவையோ நோக்கிச் செல்கின்றன. சென்னைக்கு மேற்கே ஆவடியில் வாழும் நரிக்குறவரின் பட்டறிவும் அவ்வகையில் வைத்து எண்ணத்தக்கதே. 1965இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை, நிறத்தோடு மரபுவழியையும் இனக்குழுத் தோற்றத்தையும் பாகுபாட்டின் அடிப்படைகளாகக் கூறுகிறது. அப்பாகுபாட்டை இம்மக்கள் எம்மொழியில் எடுத்துரைத்தனர், தமிழுலகம் அவர்களை எவ்வாறு பதிவு செய்துள்ளது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சிக்கல் பெயரிலிருந்தே தொடங்குகிறது. இம்மக்கள் தம்மை 'வாக்ரி' என்பர். 'நரிக்குறவர்' என்பது பிறர் இட்ட பெயர். அவர்களின் வாக்ரிபோலி, குஜராத்தி முதலியவற்றோடு உறவுடைய இந்தோ-ஆரிய மொழியாகும். அவ்வாறிருக்க, சங்க இலக்கியக் குறிஞ்சிநிலக் குறவரோடும் குறவஞ்சி நாடகக் குறத்தியோடும் இவர்களை ஒன்றாக்கிப் பேசுவோர் உளர். பெயரொற்றுமை அதற்குப் போதிய சான்றாகாது. திரைப்படமோ இவர்களை ஆடிப்பாடும் வேடமாக்கியது. 'ஒளிவிளக்கு' (1968) நன்கறிந்த எடுத்துக்காட்டு. வேடத்தைக் கண்டு களித்தவர்கள், அவ்வாழ்க்கைக்கு உரியவர் பேருந்தில் அருகில் அமர்ந்தால் எழுந்து செல்லத் தயங்கவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டைத் தொழில் பெரிதும் சுருங்கிற்று. பாசிமணி, ஊசி விற்பனையே பலருக்குப் பிழைப்பாயிற்று. ஆகவே பேருந்து நிலையமும் தொடர்வண்டி நிலையமும் அவர்களுக்குச் சந்தையாயின. விலக்கப்படும் பட்டறிவு நாள்தோறும் நிகழும் களங்களும் அவையே ஆயின.

2022 மார்ச்சில் ஆவடி நரிக்குறவர் குடியிருப்பைச் சார்ந்த பள்ளி மாணவியர் சிலர், தாம் ஒதுக்கப்படுவதையும் குடியிருப்பின் வசதிக் குறைகளையும் காணொளியொன்றில் எடுத்துரைத்தனர். முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்களை நேரில் அழைத்துப் பேசினார். ஏப்ரலில் குடியிருப்புக்குச் சென்று ஒரு வீட்டில் உணவருந்தினார். செய்தித்தாள்களில் உணவருந்திய படமே முதன்மை பெற்றது. ஆய்வு நோக்கில் காணொளியே பெரிது. பிறர் பாடிய, பிறர் எழுதிய பொருளாகவே இருந்தவர்கள், அதில் தம் பட்டறிவைத் தாமே கூறினர். அதுவும் தம்மை விலக்கியவரின் மொழியாகிய தமிழில் கூறினர்.

சட்டம் மெல்லவே வந்தது. இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என லோகூர் குழு பரிந்துரைத்தது, மேற்கூறிய உடன்படிக்கை உருவான அதே 1965இல். அதற்கான திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். இடைப்பட்ட 57 ஆண்டுகள் என்பது, பழங்குடியினருக்குரிய கல்வி, வேலை இடஒதுக்கீட்டைப் பெறாமலே இரு தலைமுறையினர் வளர்ந்து முதிர்ந்த காலம்.

அடுத்த சில மாதங்களிலேயே, 2023 மார்ச் 30 அன்று, கோயம்பேட்டுத் திரையரங்கொன்றில் நுழைவுச்சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தினர் வாயிலில் தடுக்கப்பட்டனர். உடனிருந்த சிறுவரையும் படத்தின் தணிக்கைச் சான்றையும் நிருவாகம் காரணமாகக் கூறியது. பின்னர் அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். காரணம் எதுவாயினும், தடுக்கப்பட்டவர்கள் அதனை எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு அவர்தம் சொல்லே முதன்மைச் சான்று. இத்தகைய சொற்களை நாம் இதுவரை தமிழிலேயே கேட்டுவருகிறோம். வாக்ரிபோலிக்குத் தனி எழுத்தில்லை. காணொளியில் தமிழில் பேசிய மாணவியர், அதே நிகழ்வுகளை வீட்டில் தம் தாயாரிடம் எச்சொற்களால் கூறுவர் என்பதைக் கள ஆய்வாளர் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்.