இரத்தக் கட்டியில் வெள்ளணுக்களின் வலை

கொல்கத்தாவின் தென்பகுதியான ஜாதவ்பூரில் இந்திய இரசாயன உயிரியல் கழகம் அமைந்துள்ளது. 1935-இல் மருத்துவ ஆராய்ச்சிக்கென நிறுவப்பெற்று, 1956-இல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் வந்த இந்நிலையத்தில் நோய் எதிர்ப்பியல் ஆராய்ச்சிக்குத் தனி இடம் உண்டு. கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்களை ஆராயும் இத்துறைக்கும் பக்கவாதத்திற்கும் என்ன தொடர்பு என ஆசிரியர்கள் வினவக்கூடும். தொடர்பு நெருக்கமானது என்பது அண்மைக் காலத்தில்தான் தெளிவாகியது.

பக்கவாதம் எவ்வளவு கொடிது என்பதற்குக் கொல்கத்தாவே சான்று. 2003 முதல் 2005 வரை அந்நகரில் 52,377 மக்களிடையே சியாமல் குமார் தாஸ் குழுவினர் ஆய்வு நடத்தினர். வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்டபோது, ஆண்டுதோறும் இலட்சத்துக்குச் சுமார் 145 பேர் முதன்முறையாக இந்நோய்க்கு ஆளாவது தெரியவந்தது. அவர்களில் நூற்றுக்கு 41 பேர் முப்பது நாட்களுக்குள் இறந்தனர்.

பக்கவாதம் பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் தமனியை இரத்தக் கட்டி அடைப்பதால் நேர்கிறது. ஏனையவை குழாய் வெடிப்பதால் வருவன. ஃபைப்ரின் என்னும் நார்ப்பொருள் பின்னிய வலையில் தட்டணுக்களும் சிவப்பணுக்களும் சிக்கிக் கட்டி உண்டாகிறது என்றே பாடநூல்கள் கூறிவந்தன. வெள்ளணுக்கள் அதில் தற்செயலாக அகப்பட்டவை என்று கருதப்பட்டன.

2004-இல் பெர்லின் விஞ்ஞானிகள் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். வெள்ளணுக்களில் மிகுதியாக உள்ள நியூட்ரோபில்கள், தம் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளையே வெளியே வீசி, மீனவன் வலை வீசுவதுபோல் கிருமிகளைப் பிடிக்கின்றன! அதே வலையில் தட்டணுக்களும் சிவப்பணுக்களும் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறைகிறது என்பது 2010-இல் காட்டப்பட்டது.

2017-இல் பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர், நோயாளிகளின் மூளைத் தமனிகளிலிருந்து எடுக்கப்பட்ட 68 கட்டிகளைப் பரிசோதித்தனர். எல்லாவற்றிலும் நியூட்ரோபில்கள் இருந்தன. ஏறத்தாழ எல்லாவற்றிலும் டி.என்.ஏ. வலையும் இருந்தது. புதிய கட்டிகளைவிடப் பழையனவற்றில் அது மிகுதி. (கட்டியின் வயதும் நோயின் வயதும் ஒன்றல்ல, இதயத்தில் முன்னரே உருவான கட்டியும் வந்து அடைக்கலாம்.)

இங்கேதான் சிகிச்சையின் இடர்ப்பாடு விளங்குகிறது. கட்டியைக் கரைக்கும் அல்டெப்ளேஸ் போன்ற மருந்துகள் ஃபைப்ரினைச் சிதைப்பவை, டி.என்.ஏ. இழைகளை அவை தீண்டுவதில்லை. சோதனைக் குழாயில் டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியையும் சேர்த்தபோது கட்டிகள் விரைவாகக் கரைந்தன. நோயாளிகளிடம் இதன் பயன் இன்னும் உறுதிப்படவில்லை.

தமனி திறந்த பின்னரும் தொல்லை முடிவதில்லை. நுண்குழாய்களில் வெள்ளணுக்கள் அடைத்துக்கொண்டு இரத்தவோட்டத்தைத் தடுப்பது எலிகளில் காணப்பட்டுள்ளது. அசைவற்றுக் கிடக்கும் நோயாளியின் கால் சிரைகளிலும் புதுக் கட்டி தோன்றலாம். கால் வீங்கினால் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். ஆகவே, முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனக் காணப்பட்டாலும், நோயாளி இறுதியாக நலமுடன் இருந்த நேரத்தைக் களப்பணியாளர் எழுதிக் கொடுத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அடைப்பா, கசிவா என்பது அப்படத்தில்தான் தெரியும். அதற்குமுன் ஆஸ்பிரின் கொடுத்தல் ஆகாது.