பாலாற்றங்கரைக்கு வேண்டும் ஒரு விவாத மேடை

2025 ஜனவரி 30 அன்று பாலாறு குறித்து உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலமும் நீரும் கெட்டுப்போன குடும்பங்களுக்கு, நிலுவையில் உள்ள இழப்பீட்டை 6 வாரங்களுக்குள் அரசு கொடுக்க வேண்டும், அந்தத் தொகையை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு உத்தரவிட்டது.

வாணியம்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இதைக் கேட்டதும் எழும் கேள்விகள் எளிமையானவை. என் சர்வே எண் பட்டியலில் இருக்கிறதா? அப்பா இறந்துவிட்டார், பணம் யார் பெயருக்கு வரும்? கிணற்றுத் தண்ணீரை எங்கே கொடுத்துப் பரிசோதிப்பது? சென்னை ஸ்டுடியோவில் உட்காரும் கட்சிப் பேச்சாளர்களிடம் இதற்குப் பதில் கிடைக்காது. பதில் தெரிந்தவர்கள் தாசில்தாரும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளரும், பொது சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துபவர்களும்தான். அவர்களை ஊர் மக்கள் முன் உட்காரவைத்துக் கேட்கக்கூடிய இடம், உள்ளூர் கேபிள் சேனல்.

மறதிக்கு எதிராக

இந்த வழக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். 2001-ல் இழப்பீட்டு ஆணையம் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது. அதன் பிறகும் 2025 வரை நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், தூக்கத்திலேயே கழிவுச் சேற்றில் மூழ்கியவர்கள். இப்படி ஒரு சாவு நடந்தால் நாடே ஒரு வாரம் பேசும். சேறு இப்போது எங்கே போகிறது, தொட்டிகளை யார் சோதிக்கிறார்கள் என்று அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் கேட்க வேண்டியது உள்ளூரின் கடமை. அந்தக் கேள்வியை விடாமல் கேட்கும் நிகழ்ச்சி ஒன்று இல்லாவிட்டால், எந்தத் தீர்ப்பும் காகிதத்தில்தான் இருக்கும்.

ஒரே வீட்டின் இரு பக்கம்

தோலைக் குற்றவாளிக் கூண்டில் மட்டும் நிறுத்துவது நியாயமாகாது. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நீளும் இந்தப் பட்டையில் பல்லாயிரம் அடுப்புகள் தோலால் எரிகின்றன. ஷூ கம்பெனிகளில் மேல்பாகம் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, தேசியச் செய்திகளில் அது ஏற்றுமதிக் கணக்கு. ஆம்பூரில் அது, அடுத்த மாதம் ஓவர்டைம் இருக்குமா, கம்பெனி வேன் நம் ஊர்வரை வருமா என்ற கவலை. கிணறு கெட்ட விவசாயியின் மகளே அந்த வேனில் வேலைக்குப் போகலாம். வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்ற இந்த இக்கட்டை அணி பிரிந்து கத்திப் பேச முடியாது. நாளைக் காலை ஒரே பஜாரில் முகம் பார்க்க வேண்டியவர்கள் பேசும்போது, பேச்சில் பொறுப்பு தானாக வரும்.

வழி இருக்கிறது

அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007-ல் தொடங்கப்பட்டது; அதன் முதல் கட்டக் கட்டுப்பாட்டு அறைகள் அமைந்த 4 இடங்களில் வேலூரும் ஒன்று. மத்திய அரசு 2022 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல், கேபிள் நிறுவனங்கள் மாவட்ட அளவில் 2 உள்ளூர் சேனல்களைக் கூடுதலாக நடத்த இடம் தருகிறது. பதிவுக் கட்டணம் சேனலுக்கு 1,000 ரூபாய். செய்தி வழங்குபவர் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும், ஒளிபரப்பை 90 நாள் பாதுகாக்க வேண்டும். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனித்தனியே இந்த வாய்ப்பு உண்டு.

சட்டம் தடுக்காததை விளம்பரம் தடுத்துவிடும் ஆபத்து உண்டு. சிற்றூர்ச் சேனல் பிழைப்பது துணிக்கடை, நகைக்கடை, பிரியாணிக் கடை, தொழிலதிபர் வாழ்த்து, கட்சி வாழ்த்து ஆகியவற்றால்தான். கழிவைப் பற்றிக் கேட்டால் விளம்பரம் நின்றுவிடும் என்ற பயம் இருக்கும் இடத்தில், திருவிழா நேரலையும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டுமே பெருகும்.

ஆகவே சில ஏற்பாடுகள் அவசியம். மாதம் ஒரு முறை பாலாற்றுக்கென்று ஒரு விவாதம் நடக்கட்டும். ஆட்சியரின் பிரதிநிதியும் வாரியப் பொறியாளரும் அதில் கட்டாயம் கலந்துகொள்ள அரசு உத்தரவிடட்டும். தோல் உற்பத்தியாளர் சங்கமும், தொழிற்சங்கமும், விவசாயிகளும் சமமாக அமரட்டும். ஷூ கம்பெனிப் பெண்கள் வேலை முடிந்து வீடு சேர்ந்தபின் பேசும்படி நேரம் அமையட்டும், உருதுவில் பேசுபவர்களுக்கும் இடமிருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் கொடுத்த வாக்குறுதியை அடுத்த மாதம் முதல் கேள்வியாகக் கேட்கட்டும். 90 நாளோடு அழிக்காமல், பதிவுகளை மாவட்ட நூலகத்தில் வைக்கட்டும். அரசு விளம்பரங்களில் ஒரு பங்கு இந்த நிகழ்ச்சிக்கு வரட்டும்.

இழப்பீடு என்பது போன நிலத்துக்கான விலை. இருக்கிற நிலத்தையும் தண்ணீரையும் காப்பாற்ற, ஊர் தன் அதிகாரிகளையும் தன் முதலாளிகளையும் நேருக்கு நேர் கேட்டுப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை உள்ளூர்த் தொலைக்காட்சி இன்றே தொடங்கலாம்.