ஒரு கட்டைக்குக் கீழே

சென்னை யானைக்கவுனி வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை கொடிகட்டிப் பறந்த காலத்தில், நல்ல சாரீரம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மைக் கிடையாது. சாலைக்கு அந்தப் பக்கம் சென்ட்ரல் ரயில் பாதையும் சரக்கு வண்டிகளும். கொட்டகைக்குள் விடிய விடிய நாடகம். ராஜபார்ட் வாயைத் திறந்தால், ஹார்மோனியத்தையும் கூட்டத்தின் சளசளப்பையும் தாண்டிக் கடைசி வரிசை ஆளுக்குக் கேட்டாக வேண்டும். கேட்டால்தான் அடுத்த ஊருக்கு அழைப்பு. நான்கு கட்டை, ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறவர்களே அன்று ஆண்டார்கள். 1933இல், 27 வயதிலேயே மறைந்துவிட்ட நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவின் பெயரைச் சொன்னால் இன்றும் நினைவுக்கு வருவது அந்த உச்சஸ்தாயிதான். கர்நாடக சங்கீத மேடையும் இதே காற்றைத்தான் சுவாசித்தது. மேலே எட்டும் குரலே நல்ல குரல் என்பது இசையின் சட்டம்போல நிலைத்தது. அது கொட்டகையின் சட்டம்தான் என்பதற்கு கர்நாடக இசைப் பாடகர் எம்.டி.ராமநாதனின் வாழ்க்கையைவிட நல்ல சான்று கிடைக்காது.

கட்டைக் கணக்கு எளிது. ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை ஆதார சட்ஜமாக வைத்துக்கொண்டால், ஆண் குரலில் அது நொடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகள். ஐந்து கட்டை என்றால் 196. பெரும்பாலான ஆண் வித்வான்கள் இன்று ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் பாடுகிறார்கள். ராமநாதனின் சுருதி ஒரு கட்டைக்கும் கீழே. மேற்கத்திய சங்கீதத்தில் இத்தகைய குரல்களை பாரிடோன் என்றும், அதற்கும் கீழே இறங்குவதை பாஸ் என்றும் வகை பிரித்து, தனி இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நம் மரபில் அப்படி இருக்கை எதுவும் போட்டு வைக்கவில்லை. பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்பராவில் 1923இல், தேவேச பாகவதரின் மகனாகப் பிறந்த இவர், விக்டோரியா கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்றவர். அதிர்வுக் கணக்கை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. 1944இல் சென்னைக்கு வந்து, கலாக்ஷேத்திரத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்த சங்கீத சிரோமணி படிப்பில் சேர்ந்தார். அங்கே வாய்த்த குருதான் அவர் வாழ்க்கையின் திருப்பம்.

அந்த குரு டைகர் வரதாச்சாரியார். யானைக்கவுனிக்கு வடக்கே, திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டையில் 1876இல் பிறந்தவர். ஆங்கிலேய கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. நடுவே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில். பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பாடம் கேட்ட வரதாச்சாரியாருக்குக் குரல் இனிமை என்று எவரும் சொன்னதில்லை. கரகரப்பும் கனமும் கலந்த அந்தச் சாரீரத்தைப் பொறுத்துக்கொண்டே ரசிகர்கள் அவருடைய ராக ஆலாபனையைக் கேட்கப் போனார்கள். மியூசிக் அகாடமி 1932இல் சங்கீத கலாநிதி பட்டமும் கொடுத்தது. இப்படிப்பட்டவர் சீடனின் தாழ்ந்த குரலைக் குறையாகப் பார்த்து, சுருதியை ஏற்றச் சொல்லியிருந்தால்தான் ஆச்சரியம். ராமநாதன் அதே குரலோடு வளர்ந்தார், குருவுக்கு உதவியாளரானார், பிற்பாடு கலாக்ஷேத்திர நுண்கலைக் கல்லூரியின் முதல்வரும் ஆனார். தாம் இயற்றிய முந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் வைத்த முத்திரை, வரததாசன்.

குரு மட்டும் போதாது, கருவியும் வேண்டியிருந்தது. 1930களில் சபாக்களுக்குள் நுழைந்த மைக்கும், பிறகு வீடுதோறும் ஒலித்த வானொலியும் இல்லையென்றால், மந்திர ஸ்தாயியில் பஞ்சமத்துக்கும் கீழே இறங்கி உலவும் ஒரு குரல் நான்காவது வரிசையைத் தாண்டியிருக்காது. இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஐரோப்பாவின் ஆபெரா அரங்குகளில் மைக் ஏது? வெர்தி 1851இல் ‘ரிகோலெத்தோ’வின் தலைமைப் பாத்திரத்தையே பாரிடோனுக்குத்தானே எழுதினார்? உண்மை. ஆனால் அங்கே அந்தக் குரலுக்கென்றே பாத்திரம் எழுதப்பட்டது. முழு வாத்தியக்குழுவை மீறிக் கேட்கும்படி, சுமார் 3000 அதிர்வுகளுக்குப் பக்கத்தில் ஒலியைக் குவிக்கும் பயிற்சியும் வழிவழியாக வந்தது. நம்மிடம் இரண்டுமே இல்லை. அங்கேயும்கூடக் காதலன் வேடம் பெரும்பாலும் மேல்குரல் டெனருக்குத்தான், பாரிடோனுக்குத் தகப்பனும் வில்லனும். எனவே மேல்குரல் மோகம் நமக்கு மட்டுமே உரியது என்று சொல்வதற்கில்லை. கீழ்க்குரலுக்கு நாம் வேலை கொடுக்காமல் விட்டோம் என்பதே சரி.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. ராமநாதனால் வேகமாகவும் மேலேயும் பாட முடியவில்லை, அதனால் மெதுவாகப் பாடினார், ரசிகர்கள் அதற்குப் பாணி என்று பெயர் சூட்டிவிட்டார்கள் என்பது. கனத்த குரல் பிருகாக்களில் பறக்காது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்தோளத்தில் தியாகராஜரின் ‘சாமஜ வர கமனா’வை அவர் பாடி வைத்திருப்பதைக் கேட்டால், இயலாமை என்ற விளக்கம் போதவில்லை. பலரும் விறுவிறுவென்று நடத்திச் செல்லும் உருப்படி அது. அவர் காலப்பிரமாணத்தை ஏறக்குறைய நிறுத்திவைக்கிறார். சட்ஜத்திலிருந்து நிஷாதம், தைவதம் என்று இறங்கும்போது ஒவ்வொரு ஸ்வரத்திலும் தங்கி, அதற்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள வளைவை முழுதாகக் காட்டுகிறார். வார்த்தைகளுக்கு நடுவே மௌனம் விடுகிறார், அந்த மௌனத்திலும் தாளம் பிசகாமல் நடக்கிறது. வேகமாகப் பாட முடியாதவர்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரும் இப்படிப் பாடிவிடவில்லை. உடல் ஒரு வரம்பைப் போட்டிருக்கலாம். அந்த வரம்புக்குள் விளம்ப காலத்தை இவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோனது இசையறிவின் முடிவு.

கச்சேரிக்குக் கச்சேரி அவர் ஒரே தரத்தில் பாடினார் என்று சொல்ல முடியாது. மேடையில் அவர் காட்டும் முகபாவங்களும் சேஷ்டைகளும் சிலருக்கு எரிச்சலூட்டியதும் உண்டு. 1974இல் பத்மஸ்ரீ வந்தது, மறு ஆண்டு சங்கீத நாடக அகாடமி விருது வந்தது. குருவுக்குக் கிடைத்த சங்கீத கலாநிதி மட்டும் சீடருக்குக் கிடைக்காமலேயே, 1984 ஏப்ரலில் அவர் காலமானார். அதை மக்கள் தீர்ப்பென்று எடுத்துக்கொள்கிறவர்கள், அந்தத் தீர்ப்பை எழுதிய காதுகள் எந்தக் கொட்டகையில் பழகியவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹெட்போனில் கேட்கிற தலைமுறைக்குக் கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது. ராமநாதனின் பழைய வானொலிப் பதிவுகளைத் தேடிப் பிடித்துக் கேட்பவர்களில் பலர் அவர் காலமான பிறகு பிறந்தவர்கள்.