இருமலில் இரத்தம்: காரணமும் பரிசோதனையும்

சின்னாளப்பட்டியில் தறிக்குழியில் அமர்வோரும், வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை பயிரிடுவோருமான நம் அங்கத்தினர்களிற் பலர், இருமும்போது இரத்தம் கண்டால் அதனை வெளியிற் சொல்ல அஞ்சுகின்றனர். க்ஷயம் என்ற பெயர் வந்துவிடும், பெண்ணின் விவாகம் தடைப்படும், தறி நின்றுவிடும் என்பன அவர்தம் கவலைகள். கவலை இயல்பே, ஆயின் மறைத்த மாதங்களில் நோய் முற்றுவதோடு வீட்டிலுள்ளோரையும் தொற்றக்கூடும்.

இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதே முதலில் அறியத்தக்கது. நுரையீரலினின்று வருவது பெரும்பாலும் செந்நிறமாய், நுரையும் கோழையும் கலந்து, இருமலோடு வெளிப்படும். இரைப்பையினின்று வருவது கருத்து, காப்பித்தூளை ஒத்து, வாந்தியாகும். மூக்கிலோ ஈறிலோ கசிந்ததும் தொண்டையில் இறங்கி மயக்கும். தாம்பூலம் தரிப்போர் வாயைக் கொப்பளித்துவிட்டுப் பார்த்தல் வேண்டும். வெற்றிலைச் சிவப்பைக் கண்டு கலங்கியவர் உண்டு. இரத்தத்தை வெற்றிலைச் சிவப்பென்று எண்ணி வாளாவிருந்தவரும் உண்டு. இவருள் பின்னவரே இரங்கத்தக்கவர்.

நம் நாட்டில் முதலில் ஐயுறத்தக்கது காசநோயே எனினும், அஃது ஒன்றே காரணமன்று. காசநோய் ஆறிய தழும்பினால் மூச்சுக்குழல் விரிந்து, ஆண்டுகள் பல கழித்தும் இரத்தம் கசியலாம். அப்பொழுது கிருமி இல்லாமலும் இருக்கலாம். ஆகவே, பழைய மாத்திரைகளைத் தாமே மீண்டும் உண்ணுதல் தகாது. திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்தும் புகழ் பெற்றது மெய். ஆயினும் சுருட்டும் பீடியும் நெடுநாள் புகைத்து நாற்பதைக் கடந்தவர்க்கு இரத்தம் வருமாயின், புற்றுநோய் உண்டா என்று பார்த்தே தீர வேண்டும். நிமோனியா, இருதய வால்வுச் சுருக்கம், நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பு, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை ஆகியனவும் காரணமாகலாம்.

மருத்துவர் மார்பை எக்ஸ்ரே எடுத்துக் கோழையைப் பரிசோதிப்பார். கொடுக்க வேண்டியது வாயெச்சில் அன்று. நெஞ்சின் ஆழத்தினின்று இருமி எடுத்த கோழை. அதிகாலைக் கோழை சிறந்தது. இந்தியாவில் உருவான ட்ரூநாட் போன்ற கருவிகள் கிருமியையும், அது முக்கிய மருந்தாகிய ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் காட்டுகின்றன. அரசு மருத்துவமனைகளில் இச்சோதனைக்குக் கட்டணம் இல்லை. காரணம் புலப்படாவிடில் சி.டி. ஸ்கேனும், மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்திக் காணும் சோதனையும் தேவைப்படும்.

இரத்தம் டம்ளர் கணக்கில் வந்தாலும், மூச்சுத் திணறினாலும் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். இங்கே உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இரத்த இழப்பன்று, மூச்சு அடைபடுதலே. எப்பக்க நுரையீரல் பழுதென்று தெரிந்திருந்தால், அப்பக்கம் கீழாக நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம்.

தறி நின்றுவிடும் என்ற அச்சத்திற்குச் சென்னையிலேயே விடை கிடைத்தது. அங்கு 1956 இல் தொடங்கிய ஆராய்ச்சியில், 193 காசநோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்லுணவோடும் ஓய்வோடும் இருந்தனர். மற்றவர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருந்து மருந்துண்டனர். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரேயளவு குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாரிடை நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959 இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. அன்று ஓராண்டு, இன்று மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்குப் பெரும்பாலும் 6 மாதம். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். ஊட்ட உணவுக்கென வழங்கும் மாத உதவியும் 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது.