உங்களுக்குத் தெரியுமா? கடற்சாமந்தித் தொட்டியில் பாசி மேயும் பிராணிகள்

கடலோரமல்லாத புளியங்குளத்தில், நெடுங்கேணிப் பாதையால் முல்லைத்தீவுக்குச் சென்று கடல் கண்டு திரும்பியவர் வீட்டில் உப்புநீர்த் தொட்டி அமைத்துக் கடற்சாமந்தியை வளர்க்க விழைந்தால், அதன் உடலுக்குள் உறையும் நுண்பாசிகள் ஜீவிக்க அத்தியாவசியமான பிரகாச ஒளியே, கண்ணாடியிலும் கல்லிலும் வேண்டாத பாசியையும் செழிக்கச் செய்வதைக் காண்பார். அதனை மேய்வதற்குப் பம்பரம்போற் கூம்பிய ஓடுடைய திரோக்கஸ் நத்தையே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். கவிழ்ந்து வீழினும் அது தானே நிமிரவல்லது. அரம்போன்ற நாவால் இரவில் அது சுரண்டிய சுவடு, காலையிற் கண்ணாடியில் வளைவுவளைவாகத் தெரியும். துறவி நண்டோ பாசியோடு அமையாது, சாமந்திக்கு இட்ட இறால் துண்டையும் பறித்துக்கொள்ளும். தொட்டியில் மீனும் இருந்து, அதன் நோய்க்கெனச் செம்பு கலந்த மருந்தை அத்தொட்டியிலேயே இட்டால், நத்தையும் சாமந்தியும் மடியும்.